வாசலுக்கு என்ன போடுவது?

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து வராந்தாப் படி வரைக்கும் 34 அடி நீளம். அகலம் 11 அடி. பெருக்கினால் 374 சதுர அடி. இந்தப் பெருக்கலை நான் வாய்க்குள் பிரெஞ்சில்தான் போட்டேன். எந்த மொழியில் வாய்ப்பாடு படித்தோமோ, அந்த மொழியில்தான் கடைசி வரைக்கும் கணக்கு வருகிறது. விடை "த்ருவா சான் சுவாசான்த் கத்தோர்ஸ்" என்று வந்தது. அதாவது முந்நூற்று அறுபதும் பதினாலும். பக்கத்தில் இருந்த பேரன் சிரித்துவிட்டான். "தாத்தா, எழுபதுக்குன்னு தனியா ஒரு வார்த்தைகூடவா அவங்ககிட்ட இல்ல?" என்றான். இல்லைதான். என்ன செய்வது!

இந்த 374 சதுர அடிக்கு மேலே என்ன போடுவது என்று முடிவு பண்ண எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. வீடு கட்டும்போதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை.

1991-ல் வீடு கட்டி முடித்தபோது கையில் காசு மிச்சமில்லை. வாசல் மண்ணாகவே இருந்தது. காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் அடங்கிவிடும். மழைக்காலத்தில் மட்டும் செருப்பில் அரைக்கிலோ சேறு ஏறும். 1998-ல் மகள் கல்யாணம் வந்தது. பந்தல் போடவேண்டும், சம்பந்தி வீட்டார் வருவார்கள், வாசல் இப்படியா இருப்பது என்று அவசர அவசரமாக சிமெண்ட் போட்டோம். 34 அடியும் ஒரே பாளம். நடுவில் ஒரு வெட்டு கிடையாது. ஒரு வாரமாவது தண்ணீர் காட்டவேண்டிய இடத்தில் இரண்டு நாள் காட்டினோம். மூன்றாம் நாள் பந்தல்காரர் வந்துவிட்டார்.

அடுத்த சித்திரைக்குள் விரிசல் விட்டது. சிமெண்ட் தரை காயும்போது சுருங்கும். 4 அங்குல கனத்துக்கு எட்டிலிருந்து பத்தடிக்கு ஒரு இடத்தில் நாமே வெட்டு விட்டால் அந்த வெட்டுக்குள் விரிசல் அடங்கும். விடாவிட்டால் அதுவே தனக்குப் பிடித்த இடத்தில் விட்டுக்கொள்ளும். எங்கள் தரை கோணல்மாணலாக மூன்று இடத்தில் விட்டுக்கொண்டது. போதாததற்கு வேப்பமரத்து வேர் ஒரு பக்கம் தூக்கியது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் ஊரில் பாதி மரம் விழுந்தபோது எங்கள் வேம்பு ஒரு கிளையோடு தப்பித்தது. அதனால் வேரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. லாஸ்பேட்டை மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கும் வழியில் எங்கள் தெரு இருக்கிறது. மேடுமில்லை, பள்ளமுமில்லை, தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் பள்ளத்துக்குப் போகும். இரவெல்லாம் கேட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கமாக ஓடிற்று. வீட்டுக்குள் வரவில்லை என்று கும்பிட்டுவிட்டுப் படுத்தோம். ஆனால் சிமெண்டுக்கு அடியில் இருந்த மண்ணை அது அரித்துக்கொண்டு போயிருந்தது. கைத்தடியால் தட்டினால் பானையைத் தட்டுகிற மாதிரி "டொங் டொங்" என்றது. ஒரு பாளம் ஒன்றரை அங்குலம் இறங்கி நின்றது. "தை பிறக்கட்டும், ஆளைக் கூப்பிட்டு ஒட்டுப் போடலாம்" என்றேன்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் என் மனைவி கீரை வாங்க கேட்டுக்குப் போனபோது, அவள் வாக்கரின் முன் சக்கரம் அந்த ஒன்றரை அங்குலத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது. விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எலும்பு சேர்ந்துவிட்டது. தைரியம்தான் சேரவில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தனியாக நடக்கிற தூரமே அந்த 34 அடிதான். கேட்டில்தான் கீரைக்காரம்மா, பூக்காரம்மா, எதிர்வீட்டு அக்கா எல்லாரும். ஊர்ச் செய்தி அத்தனையும் அங்கேதான் கைமாறும். விழுந்த பிறகு வராந்தா நாற்காலியோடு நின்றுபோனாள். "நீங்களே கீரை வாங்கிட்டு வாங்க" என்பாள். வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். முற்றல் என்பாள். நான் தை பிறக்கட்டும் என்று சொன்னதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்படித்தான் வாசல் யோசனை ஆரம்பமாயிற்று. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சென்னையிலிருந்து மகன், "அப்பா, பார்க்கிங் டைல்ஸ் போட்டுடுங்க, ஒரே நாள்ல வேலை முடியும், கழுவிவிட்டா பளிச்சுன்னு இருக்கும்" என்றான். மச்சான் கிரானைட் என்றார். அவருக்கு எதற்கெடுத்தாலும் கிரானைட்தான். கடப்பாக் கல் போட்டால் காலத்துக்கும் இருக்கும் என்று ஒருவர். தார் போட்டால் என்ன என்று ஒருவர். தார் ரோட்டுக்குச் சரி; வீட்டு வாசலுக்கு ஒரு லாரி சூட்டுத் தாரும் ஒரு ரோலரும் எவன் கொண்டுவருவான்? மே மாத வெயிலில் இளகும். வண்டியிலிருந்து சொட்டும் பெட்ரோலும் ஆயிலும் பட்டால் கரையும். அதை அப்போதே தள்ளிவிட்டேன்.

எனக்கென்று ஒரு ஆசை இருந்தது. சரளைக்கல். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் சின்னச் சின்னக் கூழாங்கல் கொட்டியிருக்கும். "கிராவியே" என்போம். டைரக்டர் வருவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரியும். அந்தச் சரக் சரக் சத்தம் கேட்டதும் நாற்பது பையன்களும் ஒரே நொடியில் புஸ்தகத்துக்குள் தலையை விட்டுவிடுவோம். மழைத் தண்ணீர் நிற்காது, விரிசல் விடாது, திருடன் வந்தால் சத்தம் கேட்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?

மேஸ்திரியைக் கூப்பிட்டு, "ஒரு லோடு கிராவல் கொண்டுவந்து கொட்டுங்க, பார்க்கலாம்" என்றேன். மறுநாள் டிராக்டரில் செம்மண் வந்து இறங்கியது. நம் ஊரில் கிராவல் என்றால் பொடிக்கல் கலந்த செம்மண் என்பது எனக்கு மறந்தே போயிற்று. என் மண்டைக்குள் கிராவல், கிராவியே எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தது. "இது இல்லையப்பா" என்றேன். "சார், கிராவல் கேட்டீங்க, கிராவல் வந்திருக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த மண் ஒரு மாதம் வேப்பமரத்தடியில் கிடந்தது. பின்னால் உபயோகப்பட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பொறியியல் பிரிவு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக உட்கார்ந்திருந்தவன் நான். ரோடு போடும் எஸ்டிமேட்டுகள் ஆயிரக்கணக்கில் என் டைப்ரைட்டரில் போயிருக்கின்றன. "டபிள்யூ.பி.எம்." என்று அடிக்காத நாளில்லை. வாட்டர் பவுண்ட் மெக்கடம். உடைத்த ஜல்லியைப் பரப்பி, உருட்டி, தூளும் தண்ணீரும் விட்டு இறுக்குவது. பிரெஞ்சில் அதையே "மக்கதாம்" என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர் மெக் ஆடம் பெயரால் வந்தது. அவர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னது எளிமையான விஷயம். பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கிற மண்தான். அந்த மண் ஈரமாகாமல் காய்ந்து இருக்கும்வரை எதையும் தாங்கும். மேலே போடுகிற கல் மண்ணை நனையாமல் காக்கிற கூரை மாதிரி. கல் ஒவ்வொன்றும் ஆறு அவுன்சுக்கு மேல் இருக்கக்கூடாது என்பார். இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு ரோடாவது போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேனா என்றால் இல்லை. சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் மனைவி கேட்டாள்: "ஏங்க, எல்லாரையும் கேட்டீங்க. நடக்கப்போறது நான்தானே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோ பேசி, வாக்கரை முன் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். சொந்தக்காரர்கள், சினேகிதர்கள் என்று நாலு வீடு. காபி குடிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

முதல் வீட்டில் பார்க்கிங் டைல்ஸ். பார்க்க அழகு. மேலே சின்னச் சின்ன மேடு வைத்துத்தான் செய்கிறார்கள், வழுக்காது என்று கடைக்காரர் சொல்வாராம். நான் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி ஊற்றினேன். வாக்கரின் பின் கால் ரப்பர் அதில் அரையடி சறுக்கியது. நான் பிடித்துக்கொண்டேன். அந்த மேடெல்லாம் ஐந்து வருஷத்தில் டயர் தேய்த்து வழவழவென்று ஆகியிருந்தது. ஒரு மூலையில் டைல்ஸ் அடியில் காற்று போய் உடைந்தும் இருந்தது. அந்த வீட்டம்மா எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இரண்டாவது வீட்டில் கிரானைட். வழுக்காமல் இருக்க மேல்பக்கத்தை நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கியது. மழைக்கு நல்லதுதான். ஆனால் மணி பதினொன்று, கறுப்புக் கல். வாசலில் செருப்புப் போட்டு நடக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. இரண்டு அடி வைத்தவள் "அம்மாடி!" என்று நிழலுக்கு வந்துவிட்டாள். மச்சானுக்கு போன் பண்ணிச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

மூன்றாவது வீட்டில் பேவர் பிளாக். இந்தக் காலத்தில் எல்லாரும் போடுவது. விலையும் மற்றதைவிடக் குறைவு. ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம். குழாய் ரிப்பேர் என்றால் பிரித்து எடுத்துவிட்டு அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். சந்து வழியாகத் தண்ணீரும் கொஞ்சம் இறங்கும். எனக்கு மனசு அதில் இறங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கல்லின் ஓரமும் சாய்வாகச் சீவியிருப்பதால் இரண்டு கல் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் வருகிறது. வாக்கரின் சக்கரமோ ஐந்து அங்குலம். நடக்க நடக்க டக டக டக என்று கை நடுங்கியது. சேர்ந்துகொண்டிருந்த மணிக்கட்டு வேறு. பத்தடிக்குள் "போதும்" என்றாள். அங்கே கார் நிற்கும் இடத்தில் இரண்டு டயர் தடமும் வாய்க்கால் மாதிரி அமுங்கியிருந்ததையும் பார்த்துக்கொண்டேன்.

நாலாவது வீட்டில் ஒன்றுமே விசேஷமில்லை. சாதாரண சிமெண்ட் தரை. இறுகுமுன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து விட்டிருந்தார்கள். எட்டடிக்கு ஒரு வெட்டு. போட்டு பன்னிரண்டு வருஷமாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அவள் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "இது" என்றாள். நான் ஐந்து மாதம் அலைந்ததை அவள் ஒரு காலை நேரத்தில் முடித்துவிட்டாள்.

முழுக்க சிமெண்ட் போடவும் எனக்கு மனமில்லை. எங்கள் வாசலில் கிணறு இருக்கிறது, வேம்பு இருக்கிறது. கடலோர ஊர். மேலே நல்ல தண்ணீர் இறங்காமல் கீழேயிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1998-க்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் குறைந்ததற்கு என் சிமெண்டும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். 374 சதுர அடி பெரிய விஷயமா என்று கேட்கலாம். தெருவில் நாற்பது வீடு. எல்லாருமே அப்படித்தான் போட்டோம். அந்தத் தண்ணீரெல்லாம் பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்குத்தான் போகிறது. என் தங்கை வீடு அங்கேதான் இருக்கிறது. ஃபெஞ்சலில் அவள் வீட்டுக் கட்டில் மிதந்தது.

ஆகவே பாதி பாதி என்று முடிவு செய்தேன். படியிலிருந்து கேட் வரைக்கும் 4 அடி அகலத்துக்குத் துடைப்பக்கோடு போட்ட சிமெண்ட் நடைபாதை. மிச்சம் 7 அடிக்கு பேவர் பிளாக். மகனுடைய காரோ, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவோ படி வரைக்கும் வரவேண்டுமே. கிணற்றடியிலும் வேம்பைச் சுற்றியும் எதுவும் போடாமல் சரளைக்கல். என் கிராவியே அங்கேதான். மனைவி ஒரு திருத்தம் சொன்னாள். கேட்டுக்கு உள்ளே மூன்றடிக்கு முழு அகலத்துக்கும் சிமெண்ட் வேண்டும். எதற்கு என்றேன். "பேவர் பிளாக்ல கோலம் எப்படிப் போடுறது? மாவெல்லாம் சந்துலதான் போகும்" என்றாள். அவளால் குனிய முடியாது. மருமகள் வந்தால் அல்லது வேலைக்கு வரும் பெண்தான் போடுவார்கள். இருந்தாலும் அது என் எஸ்டிமேட்டில் விட்டுப்போன ஐட்டம். சேர்த்துக்கொண்டேன். கார் ஏறி இறங்கும் இடம் என்பதால் அங்கே மட்டும் கம்பி கட்டி 5 அங்குலம்.

மேஸ்திரி டியூப் லெவல் பிடித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. கேட்டுக்கு வெளியே ரோடு எங்கள் வாசலைவிட 4 அங்குலம் உயரத்தில் இருக்கிறது. வீடு கட்டும்போது ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏறித்தான் வருவோம். ஒவ்வொரு தடவை புது ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள். முப்பது வருஷத்தில் வீடு ஒரு பக்கம் புதைந்த மாதிரி ஆகிவிட்டது. ஃபெஞ்சல் தண்ணீர் ஏன் உள்ளே வந்தது என்பது அன்றுதான் புரிந்தது.

"சார், மேலே என்ன போடறதுங்கறது அப்புறம். முதல்ல வாசலை அரையடி தூக்கணும்" என்றார். தூக்கினால் ரோட்டைவிட 2 அங்குலம் உயரும். அது மட்டுமில்லை, வராந்தாவுக்கு மூன்று படி இருந்ததில் ஒன்று குறையும். இரண்டே படி! மனைவி வராந்தாவிலிருந்து இதைக் கேட்டுவிட்டு, "மேஸ்திரி, உங்களுக்கு மத்தியானம் இங்கதான் சாப்பாடு" என்றாள்.

கணக்கு அழகாக உட்கார்ந்தது. பழைய சிமெண்டை உடைத்து எடுத்தால் 4 அங்குலம். உயர்த்துவது 6. மொத்தம் 10. அதில் அடித்தளம் 6 அங்குலம், அதன்மேல் ஒன்றரை அங்குலம் மணல், பிறகு 60 எம்.எம். கல். சிமெண்ட் பாதைக்கு அதே 6 அங்குல அடித்தளமும் 4 அங்குல கான்கிரீட்டும். கார் மட்டும் வருகிற வீட்டுக்கு 60 எம்.எம். போதும். தண்ணீர் லாரி உள்ளே வருகிற வீடு என்றால் 80 போடவேண்டும்.

அடித்தளத்தில்தான் சண்டை வந்தது. மேஸ்திரி எல்லா வீட்டிலும் செய்வது போல மண்ணைச் சமன்படுத்தி, மூன்று அங்குலம் கிரஷர் தூள் பரப்பி, கல்லை அடுக்கிவிடலாம் என்றார். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடறோம்." அந்த மூன்றாவது வீட்டு டயர் தடம் எனக்கு ஞாபகம் வந்தது. அது யார் போட்டது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான்தான்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் வாதாடவில்லை.

உடைத்த சிமெண்டை வெளியே கொட்டவில்லை. அதையே ஜல்லியாக உடைத்து அடியில் போடச் சொன்னேன். இளநீர் அளவுக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைத் தராசை எடுத்து வந்து ஒரு துண்டை நிறுத்தேன். ஒன்றேகால் கிலோ. மெக் ஆடம் கணக்குப்படி ஆறு அவுன்சு, அதாவது 170 கிராம் இருக்கவேண்டும். "ஜல்லியைத் தராசுல நிறுக்கிற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று மனைவி சொன்னாள். சித்தாள் பெண்கள் அன்று முழுக்க என்னைப் பார்த்தால் சிரித்தார்கள். ஆனாலும் உடைத்தார்கள். அரித்துப்போன பள்ளங்களை அந்தத் தவறி வந்த செம்மண் லோடு நிரப்பியது. ஒவ்வொரு வரிசையையும் தண்ணீர் தெளித்து இடித்தார்கள். நடுவில் அதிர்வு மெஷின், மூலைமுடுக்கில் திமிசுக்கட்டை.

திமிசு போடுவதை நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. தமிழில் கல் பாவுகிறோம் என்கிறோம். பிரெஞ்சில் பாவப்பட்ட கல்லுக்கு "பாவே". ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மொழி. பிரெஞ்சுச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, அங்கே அதற்கு இடித்து இறுக்குவது என்று அர்த்தம். நம்முடைய பாவு பரப்புவது. முத்தியால்பேட்டையில் தறிக்காரர்கள் தெருவில் நீட்டுவார்களே, அதுவும் பாவுதான். இதை மேஸ்திரியிடம் சொன்னேன். "அப்ப அவங்க இடிச்சாங்க, நாம பரப்பிட்டு விட்டுட்டோம்னு சொல்றீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை!

வாட்டம் எந்தப் பக்கம் விடுவது என்பதற்கு ஒரு சாயந்திரம் போயிற்று. ரோட்டுப் பக்கம் விட்டால் தண்ணீர் பள்ளத்துக்குப் போகும். கிணற்றுப் பக்கம் விட்டால் அகலத்தில் சாயும். ரொம்பச் சாய்ந்தால் வாக்கர் ஒரு பக்கமாக இழுக்கும். 50-க்கு 1 என்று வைத்துக்கொண்டோம். 11 அடிக்கு இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. தண்ணீருக்குப் போதும், காலுக்குத் தெரியாது. கிணற்றடியில் ஒரு குழி வெட்டி உடைந்த செங்கல்லும் ஜல்லியும் நிரப்பி வாட்டத்தை அதில் கொண்டுபோய் முடித்தோம். பேவர் பிளாக்கை மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார்கள். நேர் வரிசையாக அடுக்கினால் கார் பிரேக் போடும்போது வரிசை நகரும். ஒரு ஓரத்தில் சிமெண்ட் பாதையும் மறு ஓரத்தில் ஓரக்கல்லும் இருப்பதால் கல் வெளியே தள்ளிக்கொண்டு வராது. நிறம் சாம்பல்தான். சிவப்பு, மஞ்சள் எல்லாம் இரண்டு மழையில் வெளுத்துவிடும், வெயிலில் சூடும் கூட.

சிமெண்ட் பாதைக்கு இந்தத் தடவை பத்து நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் காட்டினேன். காலை, மத்தியானம், சாயந்திரம். கல்யாணம் எதுவும் இல்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. சாக்கை எடுத்த பிறகும் மனைவி இறங்கவில்லை. நான் கேட்கவுமில்லை. ஒரு வாரம் போயிற்று.

குறைகள் இருக்கின்றன. கல் சந்தில் எறும்பு மணலை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. பெருக்கினால் மறுநாள் திரும்பவும். அறுகம்புல் முளைக்கிறது. ஐப்பசியில் வேப்பமர நிழலில் பாசி பிடித்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். முதல் பெரிய மழையில் தண்ணீர் எல்லாம் குழிக்குப் போயிற்று, ஆனால் படியோரம் ஒரு தட்டு அளவுக்கு மட்டும் தேங்கி நிற்கிறது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "காக்கா குடிக்கட்டும் சார்" என்றார். அடுத்த தடவை வரும்போது சரி செய்கிறாராம்.

அந்த மழை விட்ட மறுநாள் காலை நான் வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கீரைக்காரம்மா குரல் கேட்டது. பையை எடுக்க எழுந்தேன். அதற்குள் படியோரம் வாக்கர் சத்தம். இரண்டு படிதான் இப்போது. நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். பார்த்தால் நின்றுவிடுவாள் என்று பயம். சிமெண்டில் சக்கரம் போகிற சத்தம் மெல்ல விலகிப் போயிற்று. பிறகு கேட் கொண்டி திறந்தது.

ஒன்பது மாதப் பேச்சு பாக்கி இருந்திருக்கிறது. எதிர்வீட்டு அக்காவும் வந்துவிட்டார். கீரை, அரைக்கீரை விலை, யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், எவருக்குக் கண் ஆபரேஷன். அரை மணி நேரம் ஆயிற்று. நான் எட்டாம் பக்கத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டிலிருந்து குரல் வந்தது:

"ஏங்க! அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன், போய் அணைங்க!"

போய்ப் பார்த்தேன். பாதிப் பால் மேடையில் இருந்தது.